மாமனார் கொல்லையில் ஓர் எரிமலை

நேரில் பார்க்காத ஒன்றைப் பற்றித்தான் மனிதன் மிகத் தெளிவாகப் பேசுவான் என்பது என் அனுபவம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் கடலைப் பற்றிக் கேளுங்கள், கொஞ்சம் இழுப்பான். என்னிடம் அந்தக் காலத்தில் எரிமலையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். எரிமலை விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம்கூடக் கிடையாது.

எங்கள் நைனா செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவருக்கு முன்னால் எங்கள் வம்சமே அடுத்தவர் நிலத்தில் குனிந்து வேலை செய்த வம்சம். நிமிர்ந்து நின்று கரும்பலகையில் எழுதிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். இண்டர்வியூவில் எரிமலை எப்படி உண்டாகிறது என்று கேட்டார்கள். கலர் சாக்பீஸ் வாங்கி ஒரு குறுக்குவெட்டுப் படம் போட்டேன். கீழே சிவப்பில் பாறைக் குழம்பு, நடுவில் குழாய், உச்சியில் வாய், அதற்கு மேல் சாம்பல் மேகம். மேகம் கொஞ்சம் பெரிதாகிப் பலகைக்கு வெளியே சுவரிலும் போய்விட்டது. (அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.) அதன் பிறகு பாலாற்றை நடத்தினாலும் பருத்தி விளைச்சலை நடத்தினாலும் கடைசியில் எரிமலையில் கொண்டுவந்து முடிப்பேன். பையன்கள் எனக்கு 'எரிமலை சார்' என்று பேர் வைத்தார்கள். கேலிக்கு வைத்தது என்று எனக்குத் தெரியவே பல வருஷம் ஆயிற்று.

ஒரே ஒரு குறை. நம் பக்கத்துப் பாறை மிகப் பழையது, கெட்டியானது, எப்போதோ அடங்கிப்போனது. இங்கே எரிமலை வர வழியில்லை. அதையும் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது எனக்குத் துக்கமாக இருக்கும்.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். செய்யூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெண்ணின் அப்பா கன்னியப்பன், கூலி வேலையில் ஆரம்பித்து, பிறகு உப்பளத்தில் காவல் வேலை பார்த்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வீட்டுக்குப் பின்னால் ஒரு வேர்க்கடலைக் கொல்லை வாங்கியவர். கொல்லைக் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார்கூடப் போட்டிருந்தார். பெண் பெயர் வசந்தா. எஸ்எஸ்எல்சி முடித்தவள். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் சும்மா இருக்கக் கூடாதா? பூமிக்கு அடியில் எவ்வளவு சூடு என்று கன்னியப்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். காப்பித் தட்டோடு வந்த வசந்தா, தட்டை நீட்டியபடியே மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள அவ்ளோ நெருப்பு கீதுன்னா, மேல ஏன் கால் சுடல?"

நான் தட்டிலிருந்து டம்ளரை எடுக்க மறந்தேன். அந்த நிமிஷமே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பரிசம் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். மாப்பிள்ளை பரிசத்துக்குப் போவது அப்போது எங்களில் அவ்வளவு வழக்கமில்லை. படித்த மாப்பிள்ளையை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று கன்னியப்பன் மாமா ஆசைப்பட்டதால் நானும் கிளம்பினேன். அதற்கென்று வாங்கிய தோல் செருப்பு இரண்டு நாளாகக் காலைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தது. பட்டு வேட்டிக்குக் கீழே நீல வார் போட்ட ரப்பர் செருப்போடு பஸ் ஏறினேன். செய்யூர் போய்ச் சேரும்வரை நைனா என் காலைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தார். "கக்கூசுக்குப் போற செருப்புடா அது. பொண்ணூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?"

ஊருக்குள் நுழையும்போதே பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் பந்தல். பந்தலில் சவுண்ட் செட்டுக்காரரைத் தவிர ஒரு மனுஷன் இல்லை. தட்டு வரிசையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள். நைனாவுக்கு மூக்குச் சிவந்துவிட்டது. அப்போது வீட்டுப் பக்கவாட்டிலிருந்து கன்னியப்பன் மாமா ஓடி வந்தார்.

"இன்னா கன்னியப்பா, வான்னு கூப்ட ஒரு ஆளில்ல?" என்றார் நைனா.

"கோச்சிக்காத சம்பந்தி. கொல்லையில வந்து பாரு. பூமி பொகையுது."

ஊரே கொல்லை வரப்பில் நின்றது. விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் ஓர் இடம் கருகிக் கிடந்தது. அதன் மத்தியில் மண் கொதித்துக்கொண்டிருந்தது. உஸ்ஸென்று சத்தம், வெள்ளைப் புகை, புகைக்கு அடியில் சிவப்பாக ஒரு பிளவு. பிளவிலிருந்து கறுப்பாக, கெட்டிக் கூழ் மாதிரி ஏதோ வழிந்து, வழிந்த இடத்திலேயே பளபளவென்று இறுகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஓர் ஆடு செத்துக் கிடந்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை.

எல்லோர் முகத்திலும் பயம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குப் பரிசம் என்பதுகூட மறந்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, அது என் மாமனார் கொல்லைக்கு வந்திருக்கிறது என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

நம் பாறை அடங்கிப்போன பாறை என்று நானே நடத்திய பாடம்? அதற்கும் நிற்கும் இடத்திலேயே சமாதானம் கண்டுபிடித்தேன். மாமல்லபுரத்தில் ரதமாகவும் யானையாகவும் செதுக்கியிருக்கிற பாறை எல்லாம் ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்பாக இருந்ததுதானே. அந்த அடுப்பில் மிச்சம் கொஞ்சம் கனல் இருந்திருக்கிறது, இப்போது இந்தப் பக்கம் வழி கண்டுபிடித்து வருகிறது. இவ்வளவு யோசித்தவன், கொதிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்ற கரண்ட் கம்பத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். மனதுக்குள் வரைபடம் போட அதை ஓர் அடையாளமாகவே வைத்துக்கொண்டேன். கம்பத்துக்கு வடக்கே எரிமலை.

"யாரும் கிட்ட போகாதீங்க" என்றேன். "இது எரிமலை. ஆடு செத்தது விஷவாயுவால. அந்த வாயு கனமானது, தரையோட தரையா தவழும். ஆடு குள்ளம், அதனால போயிடுச்சு."

கூட்டம் என்னை நிமிர்ந்து பார்த்தது. செத்த ஆட்டுக்குச் சொந்தக்காரி, வசந்தாவின் அத்தை முனியம்மா, அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

எரிமலையை ஆராய்கிறவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று படித்திருந்தேன். நில அதிர்வைப் பதிவு செய்வார்கள். வாயுவைப் பிடித்துப் பார்ப்பார்கள். நீளமான கம்பியால் குழம்பை எடுத்து ஆற வைப்பார்கள். தரை உப்புகிறதா சாய்கிறதா என்று அளப்பார்கள். கருவி இல்லை என்பதற்காக விஞ்ஞானம் நிற்குமா? பந்தலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி வரப்பில் வைத்து, அதில் அலை எழுகிறதா என்று பார்த்தேன். எழுந்தது. (பனைமரத்துக் குழாயில் உருமி மேளம் ஓடிக்கொண்டிருந்தது.) காய்ந்த சவுக்குக் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, எரிமலையை நோக்கி நடந்தேன். "டேய் தேசிங்கு" என்று நைனா பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. விஞ்ஞானி திரும்பிப் பார்க்கவில்லை.

கிட்டப் போகப் போக உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு. சிற்றெறும்பு ஊர்வது போலத் தொடங்கி, கணுக்கால்வரை ஏறியது. நான் நின்று, திரும்பி, கூட்டத்துக்கு அறிவித்தேன். "தரை அதிருது. காலுக்குத் தெரியுது." கழியை நீட்டி இறுகிய கட்டி ஒன்றைப் புரட்டி இழுத்து, தள்ளிக்கொண்டே வரப்புக்கு வந்து சேர்ந்தேன். ஆறிய பிறகு பார்த்தால் கறுப்புக் கண்ணாடி. குழந்தையைத் தூக்குவது போல அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன்.

அதுவரை என் பக்கம் இருந்த ஊரை முனியம்மா அத்தை தன் பக்கம் இழுத்தார்.

"மலையாவது ஒண்ணாவது. ஆத்தா கோவமா கீறா. வூட்ல நல்லது நடக்கற நாளா பார்த்து கொதிச்சிகினு வந்துகீறா. அவள குளிர வைக்காம இன்னா பரிசம்?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அம்மனுக்குச் சூடு ஏறினால் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கரைத்துக் குடம் குடமாக ஊற்றிக் குளிர வைப்பார்கள். வீட்டில் விசேஷம் என்றால், விசேஷத்துக்கு உரிய பெண் முதல் குடம் ஊற்ற வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பெண்கள் தாமாகவே வீட்டுக்கு ஓடிக் குடத்தோடு திரும்பினார்கள். செருப்பில்லாத கால்கள், தண்ணீர் தளும்பி நனைந்த புடவைகள். வரிசைக்கு முன்னால் வசந்தா, பரிசப் புடவையில், இடுப்பில் பித்தளைக் குடத்தோடு.

நான் வரப்பின் குறுக்கே போய் நின்றேன். தண்ணீர் பட்டால் எரிமலை வெடிக்கும் என்பது நான் மனப்பாடம் செய்த பாடங்களில் ஒன்று. குழம்பில் விழுந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகும், ஆவி இடம் கேட்கும், இடமில்லாவிட்டால் மலையையே பிய்த்துக்கொண்டு கிளம்பும்.

"ஊத்தக் கூடாது" என்றேன்.

"ஆத்தாளுக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொல்றதுக்கு நீ யாரு?" என்றார் அத்தை. பிறகு தன் தம்பியைப் பார்த்தார். "இன்னா கன்னியப்பா, தாலி கட்டறதுக்கு முன்னயே இப்டி நிக்கறான். இந்த எடம் நமக்கு ஒத்து வராது. குடத்த ஊத்து, இல்ல தட்ட திருப்பி அனுப்பு."

கன்னியப்பன் மாமா தலையைக் குனிந்துகொண்டார். நைனா என் காதருகில் வந்தார். "தண்ணிதானடா. வுடேண்டா. சம்பந்தம் பூடும்டா." அவர் வாழ்நாளில் பிடித்த முதல் நல்ல சம்பந்தம் அது.

எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்போது வசந்தா கேட்டாள், பெண் பார்த்த அன்று கேட்ட அதே மெதுவான குரலில்.

"ஊத்தினா இன்னா ஆவும்?"

"நீ இருக்க மாட்ட" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல், அங்கேயே நின்றுவிட்டாள். வரிசையும் நின்றது. அத்தை கத்தத் தொடங்கினார். என் ஒரு தொண்டையால் அவரை ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. பந்தலுக்கு ஓடி, பாட்டை நிறுத்தச் சொல்லி, சவுண்ட் செட்டுக்காரரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

பந்தலின் ஓரத்தில் நின்றால் வீட்டுப் பக்கவாட்டு வழியாகக் கொல்லை நன்றாகத் தெரியும். நான் எல்லோரையும் பார்க்க, எல்லோரும் என்னைப் பார்க்க, பேசினேன். வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பேசியதில்லை.

"பெரியோர்களே, தாய்மார்களே. கோலி சோடா எல்லாரும் குடிச்சிருக்கீங்க. குண்டை அமுக்கற வரைக்கும் சோடா சாதுவா இருக்கும். உள்ள வாயு கரைஞ்சு அடங்கியிருக்கும். அமுக்கினதும் பொங்கி மேல வருதில்ல? எரிமலையும் அதுதான். பூமிக்கு அடியில பாறை உருகி வாயுவோட அடைஞ்சு கிடக்குது. மேல இருக்கற கனம் குறைஞ்சா, ஒரு விரிசல் கிடைச்சா, வாயு குமிழி விட்டுப் பொங்கி, குழம்பையும் இழுத்துக்கிட்டு வரும். இப்ப வர்றது வெறும் நுரை. சோடா இனிமேத்தான். அந்தக் குடங்களை அப்படியே தூக்கிக்கிட்டு பனந்தோப்புப் பக்கம் போயிடுங்க. உயிர் பிழைச்சா நாளைக்குக் கும்பிட்டுக்கலாம்."

ஜனங்கள் அசைந்தார்கள். ஒருவர் கயிற்றுக் கட்டிலைத் தலையில் ஏற்றினார். கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் புறப்பட்டது. குடத்துக்காரப் பெண்கள் வரப்பைவிட்டுப் பின்வாங்கிப் பந்தல் பக்கம் வந்தார்கள். "இன்னும் சிறிது நேரத்தில் இந்த எரிமலை" என்று நான் சொல்லும்போது மைக் செத்தது.

கொல்லையில் புகையும் நின்றது.

அத்தை அந்தப் பக்கமாகக் கையெடுத்துக் கும்பிட்டார். "பார்த்தியா, அடங்கிட்டா." நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் குழாய் கீச்சென்று கத்தி உயிர் பெற்றது. கொல்லையில் உஸ்ஸென்று புகை கிளம்பியது.

"எரிமலைகளுக்கு உறங்கும் காலம் என்று ஒன்று உண்டு" என்று மைக்கில் விளக்கினேன். "உறங்குவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது மறுபடி" என்பதற்குள் மைக் மறுபடி உறங்கியது. எரிமலையும் உறங்கியது. கட்டிலைத் தூக்கியவர் நடப்பதை நிறுத்தினார். மைக் விழித்தது. எரிமலையும் விழித்தது. ஜனங்கள் பனைமரத்துக் குழாயைப் பார்த்தார்கள், கொல்லையைப் பார்த்தார்கள், திரும்பக் குழாயைப் பார்த்தார்கள். ஊரில் என் குரல் தவிர வேறு சத்தமில்லை. நான் மட்டும்தான் இன்னும் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறையும் இரண்டும் சேர்ந்தாற்போல் நின்று, சேர்ந்தாற்போல் வந்தபோது, பந்தல் காலுக்குப் பக்கத்திலிருந்து வசந்தா கேட்டாள்.

"கரண்ட்டு போனா எரிமல ஏன் நிக்குது?"

"அது வந்து" என்றேன்.

பதில் மேலே வரவில்லை. ஆனால் மைக் அப்போது நல்ல நிலையில் இருந்தது. "அது வந்து" என்ற என் குரல் பனைமர உயரத்திலிருந்து புறப்பட்டு, சவுக்குத் தோப்பைத் தாண்டி, அடுத்த ஊர்வரைக்கும் போயிற்று. அந்த ஊர்க்காரர்கள் பல வருஷம் கழித்தும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

விஷயம் இதுதான். முந்தின நாள் அடித்த காற்றில் பெரிய லைன் கம்பி நெகிழ்ந்து, கம்பத்தின் இரும்பில் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் கம்பத்து வழியாக இறங்கி, மண்ணுக்குள் புதைத்திருந்த இரும்பில் பாய்ந்து, மண்ணையும் கல்லையும் உருக்கிவிட்டது. அவ்வளவு கரண்ட் மண்ணில் வீணாவதால் லைன் தானாகவே கட்டாகிவிடும். எங்கோ இருக்கிற ஆபீசில் மறுபடி போடுவார்கள். அதுதான் என் எரிமலையின் உறக்கமும் விழிப்பும்.

முதலில் சிரித்தது சவுண்ட் செட்டுக்காரர். பிறகு கட்டில்காரர், கட்டிலைக் கீழே போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்து சிரித்தார். பிறகு ஊரே. எங்கள் தட்டு வரிசைக்காரர்கள் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நினைத்தேன். அது பிளக்கவில்லை என்பதுதான் இப்போது நிரூபணமாகிவிட்டதே.

அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்பதை மட்டும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கன்னியப்பன் மாமாதான் முதலில் நிறுத்தினார் என்று நினைக்கிறேன். அவர் செத்துக் கிடந்த ஆட்டைப் பார்த்தார். பிறகு குடங்களைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்களின் ஈரக் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, மகளின் காலில் பார்வையை நிறுத்தினார். பரிசத்துக்காக மருதாணி வைத்திருந்த கால். குடத்திலிருந்து வழிந்த மஞ்சள் தண்ணீர் அந்தக் காலைச் சுற்றித் தேங்கியிருந்தது. ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் பார்த்து, ஊர் முழுக்க அடங்கியது. நைனா என் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் குனிந்து அதைப் பார்த்தேன்.

வசந்தா குடத்தை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள்.

முனியம்மா அத்தை அந்தக் குடத்தை எட்ட நகர்த்தி வைத்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஆட்டோட போச்சு. தட்ட மாத்துங்க."

ஒருவர் சைக்கிளில் செய்யூர் கரண்ட் ஆபீசுக்குப் போய்ச் சொன்ன பிறகு, கரண்ட்டை நிறுத்தினார்கள். பாட்டில்லாமல், மைக்கில்லாமல், மேளமில்லாமல் என் பரிசம் நடந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா என் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் சொல்லவில்லை. அது தேய்ந்து அறுந்தபோது அவரே கடைக்குப் போய் அதே மாதிரி நீல வாரில் ஒன்று வாங்கி வந்தார்.

அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கட்டி இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்திருக்கிறோம். விருந்தாளி யார் வந்தாலும் அதைக் காட்டி வசந்தா கதையைத் தொடங்கிவிடுவாள். நான் எதையாவது தெளிவாக விளக்க ஆரம்பித்தால், அது வெங்காய விலையானாலும் சரி, மழையானாலும் சரி, எழுந்து ஸ்விட்ச் பக்கம் போவாள். "இருங்க, மெயின ஆஃப் பண்றேன். நிக்குதான்னு பாக்கலாம்." வீடு சிரிக்கும். பேரன் பேத்திகள் வரை இது வந்துவிட்டது. எனக்குப் பழகிவிட்டது.

ஒரு தடவை என் மகள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "ஏம்மா, அன்னிக்கு அப்பா சொன்னதுல ஒண்ணுகூடவா சரியில்ல?"

"ஒண்ணுகூட இல்ல" என்றாள் வசந்தா. "விஷவாயு பொய், லாவா பொய், சோடா பொய்."

கொஞ்ச நேரம் கதவடியில் இருந்த கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் நீட்டியிருந்த கால்களை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஊத்தாதன்னாரு" என்றாள். "ஊத்தல."